மாமா கழுவிய குடல்

என் அக்கா புருஷன் பிளம்பர். அடைத்துக்கொண்ட எந்தக் குழாயும் அவர் கை பட்டால் வழிக்கு வந்துவிடும். அதனால் கடவுள் மனிதனைப் படைத்தபோதுகூட ஒரு பிளம்பரைக் கலந்தாலோசித்துத்தான் வேலையை ஆரம்பித்திருப்பார் என்பது மாமாவின் திடமான எண்ணம். குடல் என்பது வளைந்து நெளிந்து போகும் ஒரு குழாய், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் கழுவாமல் விட்டால் அடியில் கசடு தங்காதா என்று, சாப்பிட உட்கார்ந்தவர்களைப் பார்த்துக் கேட்பார். அதற்குப் பிறகு யாருக்குச் சோறு இறங்கும்?

குடலைக் கழுவும் கருவியையும் அவரே செய்தார். பிளாஸ்டிக் டப்பா, ரப்பர் குழாய், நடுவில் பித்தளையில் ஒரு வால்வு. அதைக் குளியலறை ஆணியில் மாட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, வாராவாரம் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே நாங்கள் அவசரத்தோடு நெளிந்துகொண்டு நிற்போம். குடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், தண்ணீர் ஏற்றத் தேவையில்லை என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். மாத்திரை விற்பவருக்குக் கழிவுக் குழாயைப் பற்றி என்ன தெரியும் என்று மாமா சிரித்தார்.

ஒருநாள் அவருக்குப் பின்னால் உள்ளே போன அக்கா சிவப்பைப் பார்த்துவிட்டாள். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினாள். மாமா அசரவில்லை. பழைய இரும்புக் குழாயைத் திறந்தால் முதலில் சிவப்பாகத்தான் வரும், கொஞ்சம் ஓடவிட்டால் தெளிந்துவிடும். அவர் தொழிலில் தினமும் பார்ப்பது.

"துரு வெளிய வருதுடி. வரட்டும், விடு."

துருவாம். உடம்பில் அவ்வளவு இரும்பு இருந்தால் ஆள் ஏன் வெளுத்துப் போகிறார் என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்றார். வாரம் ஒருமுறை கழுவியவர் தினமும் கழுவ ஆரம்பித்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். அதுவும் சுத்தத்தின் பலன்தானாம். அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில், தொட்டிக்கு அடியில் கையில் ஸ்பானரோடு மயங்கிக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு போனதால்தான் ஆஸ்பத்திரியைப் பார்த்தார்.

பெருங்குடலில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். கழுவியதால் வந்ததல்ல, ஆனால் ரத்தத்தைப் பார்த்தபோதே வந்திருந்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்துச் சரி செய்திருக்கலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் மாமா நோயாளி என்பதே மறந்துபோயிற்று. டாக்டர் அந்தப் பக்கம் போனதும், துரு எல்லாம் தெளிந்துவிட்டதா மாமா என்று கேட்டே விட்டேன்.

மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரத்தம்னு எனக்கு முதல் நாளே தெரியும்டா. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போனா அதையே சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சு."

கட்டிலின் மறுபக்கம் அக்கா அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "இத்தனை நாளா தனியா பயந்துக்கிட்டு இருந்திருக்கீங்களே."