நூலில் கட்டிய அஞ்செழுத்து

சிதம்பரத்துக்காரர்களுக்கு அஞ்செழுத்து என்றால் ஒன்றுதான். கடலூர்க்காரனான எனக்கு இன்னொரு அஞ்செழுத்து உண்டு. ஈயத்தில் வார்த்தது. ஐ, எஃப், ஐ, இ, டி. ஐந்தையும் சேர்த்து வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டி மேசையின் வலது மூலையில் வைத்திருப்பேன். அந்தக் கட்டுதான் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தது. அதுதான் என் மகளுடைய கல்யாணத்தைச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு இழுத்துக்கொண்டும் வந்தது.

நான் ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்றைக்கு எனக்குக் கடலூரில் ஒரு கடை, சிதம்பரத்தில் ஒரு கடை. இரண்டிலும் கம்ப்யூட்டர், இரண்டிலும் ஏ.சி. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும், பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் கை படாத காகிதம் இந்த மாவட்டத்தில் எந்த ஆபீசிலும் செல்லாது.

அச்செழுத்து கோத்த காலத்தில் ஸ்டாம்புக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. அதனால் நான் இங்கிலீஷைக் கற்றதே திருப்பிப்போட்டுத்தான். நேராக எழுதினால் இன்றும் எனக்குக் கொஞ்சம் தடுமாறும். திருப்பிக் கொடுங்கள், கடகடவென்று படிப்பேன்.

வேலையில் இறங்கிய சில மாதத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். எந்த ஆபீஸ்காரர் வந்தாலும் அவர் கேட்கிற வார்த்தைக்குத் தலைதான் வேறு, வால் ஒன்று. தாலுக்கா ஆபீசுக்கு வெரிஃபைடு, பள்ளிக்கூடத்துக்குச் சர்ட்டிஃபைடு, பத்திரப்பதிவுக்கு ரெக்டிஃபைடு. ஒவ்வொரு தடவையும் அந்த வாலை எழுத்தெழுத்தாக ஏன் பொறுக்க வேண்டும்? ஒரே கட்டாகக் கட்டி வைத்தேன். தலையை மட்டும் கோத்து, வாலை ஒட்டவைப்பேன். மற்றவன் ஒரு ஸ்டாம்பு கோக்கிற நேரத்தில் நான் மூன்று கோத்தேன். முடிந்துபோன வேலை என்றால் ஃபைடு, செய்யச் சொன்னால் ஃபை. என் இலக்கணம் அவ்வளவுதான். அதில் இதுவரை நான் தவறியதில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே மகள். மாப்பிள்ளை வீடு சிதம்பரம். மாப்பிள்ளையின் அப்பா இங்கிலீஷ் பாடம் எடுத்து, ஹெட்மாஸ்டராகி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் நாக்கில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார்தான் அவர்கள் ஊரில் நடத்துவார்கள். பெண்ணை அழைத்துக்கொண்டு நாம் போக வேண்டும். ஊர் வழக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்.

அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். பழைய டவுன் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்று எனக்குச் சோறு போட்டாள். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருஷமாகச் செம்மண்டலத்தில் என் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறாள். வண்டியில் வைத்து அத்தனை தூரம் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, பாப்பாவுக்குத் தாலி ஏறறத இந்தக் கண்ணால பாத்துட்டா போதும்டா. வேற எதுவும் வாணாம்."

கல்யாணம் கடலூரில் நடந்தாக வேண்டும். அதைக் கேட்கத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். நானும், மனைவியும், அவளுடைய தம்பியும். அவன் எனக்கு மச்சான், எதிலும் வாயை வைப்பான். கிளம்பும்போதே மகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க போய் இங்கிலீஷ் பேசாதீங்க. அவுரு வாத்தியாரு."

"ஏம்மா, நான் பேசினா இங்கிலீஷ் தேஞ்சிடுமா?"

"தேயாது. மானம் போயிடும்."

மச்சான் சிரித்தான். "கவலப்படாத பாப்பா. மாமா இங்கிலீஷ கண்ணாடி வெச்சிப் பாத்தாத்தான் புரியும்."

சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, வாழையிலை கழுவி அடுக்கி, குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது. ஆனால் பேச்சு முடியாமல் நாங்கள் கை நனைக்க முடியாது. பேச்சு முடிவாகாத வீட்டில் பச்சைத் தண்ணீருக்கு மேல் தொட மாட்டோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதித்துவிட்டோம் என்று அர்த்தம். அது சம்பந்திக்கும் தெரியும். குழம்பைக் காட்டியே நம்மை மடக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "வீடியோ கால்ல காட்டிடலாம் சம்பந்தி. பெரிய டிவில போட்டா நேர்ல பாக்கற மாதிரியே இருக்கும்."

"எங்கக்கா என்ன நேர்லதான் வளத்தா. வீடியோ கால்ல வளக்கல."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா நாளைக்கி என் பங்காளிங்க கேப்பாங்க. வழக்கத்த மாத்தி பொண்ணு ஊர்ல வெச்சேன்னு அவுங்ககிட்ட நான் எப்படி ஜஸ்டிஃபை பண்றது?"

ஜஸ்டிஃபை. என் கையில் அந்தக் கட்டு தட்டுப்பட்டது போல இருந்தது. மகள் சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று.

"அந்த வார்த்தைய நான் ஈயத்துல கோத்து ரப்பர்ல வெட்டியிருக்கேன் சம்பந்தி. அதே மாதிரி முடியற வார்த்தை எத்தனை வேணும் உங்களுக்கு?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "எத்தனை தெரியும்?"

"நீங்க நிறுத்தற வரைக்கும் தெரியும்."

மச்சான் உடனே துள்ளினான். "அப்ப வெச்சிக்குங்க பந்தயம்! ஆளுக்கு ஒண்ணா சொல்லுங்க. நிறுத்தினாலும் தோல்வி, சொன்னதையே சொன்னாலும் தோல்வி. யாரு ஜெயிக்கிறாங்களோ அவுங்க ஊர்ல கல்யாணம்."

என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். நான் நகரவில்லை. சம்பந்தியம்மா மட்டும் நிதானமாகத் தாம்பூலத் தட்டை முன்னால் இழுத்து வைத்தார். "வார்த்தைக்கு ஒரு கொட்டப்பாக்கு. எண்றது நான். ஜஸ்டிஃபைன்னு இவுரு சொல்லிட்டாரு, இதான் மொதப் பாக்கு," என்று ஒன்றை எடுத்துக் கணவர் பக்கம் வைத்தார். சம்பந்தி சிரித்தார். நாற்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தியவர் சிரிக்க வேண்டியதுதான். அரைமணியில் இலை போட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்.

"வெரிஃபை," என்றேன்.

"பியூட்டிஃபை."

"சர்ட்டிஃபை."

"குளோரிஃபை."

அவர் வார்த்தையெல்லாம் புத்தகத்தில் பூத்த வார்த்தை. மேக்னிஃபை, டிக்னிஃபை, மிஸ்டிஃபை என்று மணக்க மணக்க வந்தது. என்னிடம் அந்த மாதிரி ஒன்று கூட இல்லை. என்னிடம் இருந்தது ஒரு தெரு. கண்ணை மூடிக்கொண்டேன். என் கடை வாசலில் இருந்து நடக்க ஆரம்பித்தேன். தாலுக்கா ஆபீசை முடித்தாயிற்று. அடுத்து பத்திரப்பதிவு, ரெக்டிஃபை. கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீல் குமாஸ்தா நிற்கிறார், டெஸ்டிஃபை. அவருக்குப் பின்னால் இன்னொருவர், நல்லிஃபை. கூட்டுறவுச் சங்கத்தில் தீர்மானம் போடுகிறார்கள், ராட்டிஃபை. மின்வாரியத்தில் எலெக்ட்ரிஃபை. அங்கிருந்து பஸ் ஏறி நெல்லிக்குப்பம். சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு தெளிவிக்கிற இடத்துக்கு ஒரு காலத்தில் ஸ்டாம்பு செய்தேன், கிளாரிஃபை. போன தெருவுக்கு மறுபடி போக மாட்டேன். அதனால் சொன்னது திரும்பி வர வழியே இல்லை.

சம்பந்தி சிரிப்பதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. பாக்கு இரண்டு பக்கமும் குவிந்தது. உள்ளே யாரோ குழம்பை மறுபடி சூடுபடுத்தினார்கள். சம்பந்திக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எனக்கும் ஒன்றும் வயிறு நிறைந்திருக்கவில்லை.

ரேஷன் அரிசிக் கிடங்குக்கு வந்து ஃபார்ட்டிஃபை என்றேன். செறிவூட்டிய அரிசி மூட்டைக்குப் போடுகிறார்களே, அது. அவர் யோசித்து "டெரிஃபை" என்றார். அதற்குப் பிறகு எனக்குத் தெரு ஒரு நிமிஷம் இருட்டியது. அடுத்த கதவு எது என்று தெரியவில்லை. அக்காவின் கட்டில்தான் தெரிந்தது.

"ஒண்ணு... ரெண்டு..." என்று சம்பந்தியம்மா எண்ணத் தொடங்கினார்.

மச்சான் எகிறிக் குதித்தான். "மாமா! வைஃபை! வைஃபை சொல்லுங்க!"

கூடமே சிரித்தது. சம்பந்தி கையைத் தூக்கினார். "அது வெர்ப் இல்ல."

"தெரியும் சம்பந்தி. பின்னால 'பண்ணு' போட்டா நிக்கணும். வெரிஃபை பண்ணு, நிக்கும். வைஃபை பண்ணுன்னு எவனாவது சொல்றானா? உக்காருடா மச்சான். அது எங்க வீட்லயே வேலை செய்யாத வார்த்தை."

சிரிப்பில் சம்பந்தியும் சேர்ந்துகொண்டார். அதற்குள் எனக்குக் கதவு திறந்துவிட்டது. பாங்க். அங்கே கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு அம்மா.

"ஐடென்டிஃபை."

சம்பந்தி நெற்றியைத் தேய்த்தார். வார்த்தை இல்லாதவர் அல்ல. ஜாஸ்தி இருந்ததுதான் சங்கடம். எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்று அவருக்கு வரிசை கிடையாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிக நிதானமாக, வகுப்பில் சொல்வது போலச் சொன்னார்.

"ஜஸ்டிஃபை."

சம்பந்தியம்மா பாக்கை எடுக்கவில்லை. "அதுலதான ஆரம்பிச்சீங்க?"

"அது... பந்தயத்துக்கு முன்னாடி பேச்சுல சொன்னது."

"பாக்கு வெச்சப்ப சிரிச்சீங்களே. அப்ப சொல்லியிருக்கணும்." குவியலின் அடியிலிருந்து முதல் பாக்கை எடுத்து அவர் கண்ணெதிரே காட்டினார். முப்பத்தைந்து வருஷம் ஹெட்மாஸ்டரோடு குடித்தனம் செய்தவர், அவரிடமே கற்ற ஒழுங்கு.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆள் இல்லை. என் கட்டுக்குள் அடங்காத வார்த்தை ஒன்று உண்டு. நடுவில் ஒரு எஸ் வரும், தனியாகத்தான் கோக்க வேண்டும். எந்த ஆபீசும் அந்த ஸ்டாம்பைக் கேட்டு வந்ததே இல்லை. கோத்துப் பார்த்தது ஒரே தடவை, எனக்காக.

"சாட்டிஸ்ஃபை," என்றேன். சம்பந்தியம்மா ஒரு பாக்கை என் பக்கம் வைத்தார்.

சம்பந்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"

"திருப்பிப்போட்டுப் படிச்ச ஸ்கூலு."

"உக்காருங்க. கை நனைங்க. கடலூருக்கே வர்றோம்."

அன்றைக்குச் சாப்பிட்ட கத்திரிக்காய்க் குழம்புக்கு நிகராக இன்னும் ஒரு குழம்பு நான் சாப்பிடவில்லை. வீடு திரும்பி மகளிடம் சொன்னேன், "மானம் போகலம்மா. மண்டபம் வந்துது."

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மண்டபம். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாலை போட்டு வரவேற்றால், சம்பந்தி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பெட்ரிஃபை, பாசிஃபை, சாலிடிஃபை என்று முழுப் பக்கம் எழுதியிருந்தது. பந்தயம் நடந்த அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

"கை நனைச்ச அப்புறம் ஆட்டம் கெடையாது சம்பந்தி," என்று சொல்லி அந்தக் காகிதத்தை என் பையில் வைத்துக்கொண்டேன். என் கடைக்கு உதவும்.

மறுநாள் காலை அக்காவைச் சக்கரம் வைத்த கட்டிலோடு தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து மணவறைக்கு நேர் எதிரே, முதல் வரிசைக்கும் முன்னால் நிறுத்தினோம். புதுப் புடவை, கையில் ஒரு பிடி அட்சதை. கெட்டி மேளம் என்று குரல் வந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியோடு சரியாக அவள் கட்டிலுக்கு முன்னால் நின்றார்.

மார்க்கெட்டில் மீன் விற்ற குரல். இரண்டு வருஷமாக நான் கேட்காத குரல்.

"யோவ் வாத்தியாரே! கொஞ்சம் நவுருய்யா. தாலி மறைக்குது."

அவர் நகர்ந்தார்.