கையைக் காதில் வைத்திருந்தவர்கள்

எனக்கு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். இந்த ஒரே லட்சியத்தோடுதான் டயாலிசிஸ் பிரிவுக்கு மாறலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். சிறுநீரக நோயாளிகளின் துயரம் என்னை உலுக்கிவிட்டது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அந்த அளவுக்கு நடிப்பும் எனக்கு வரும். உண்மை வேறு. அங்கே ஏசி உண்டு, சக்கரம் வைத்த நாற்காலி உண்டு, நோயாளிகள் தாங்களாகவே நடந்து வருவார்கள்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தரைத்தளத்து அவசரப் பிரிவில் பதினொரு வருடமாக ஆண் நர்ஸ். எங்களை 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். பதற்றத்தில் சிலர் 'டாக்டர் சார்' என்பார்கள், நான் திருத்துவதில்லை. மாமல்லபுரம் சாலையில் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பறந்தவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், காரணமே தெரியாமல் மயங்கியவர்கள் எல்லாரும் முதலில் வந்து விழுவது எங்களிடம்தான். எங்கள் வேலைமுறை எளிது. எந்தக் கை பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடி, பி.பி. பட்டையைச் சுற்று, ஊசியை ஏற்று. ரத்தக்குழாயை நாங்கள் 'நரம்பு' என்போம். தடித்த நரம்பு ஒன்று கண்ணில் பட்டால் லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷப்படுவோம்.

பதினொரு வருட ஓட்டத்தில் என் முழங்கால் பழைய கதவு மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்தது. மாறுதல் கேட்டு நர்சிங் சூப்பரின்டெண்டிடம் போய் நின்றேன்.

"திங்கள், வியாழன் ரெண்டு நாள் மேல போய்ப் பாருப்பா. புடிச்சா மாறுதல் பாரத்தப் பூர்த்தி பண்ணிக் குடு. ஆறு மாச டிரெய்னிங். நடுவுல ஓடி வந்தன்னா கீழ உன் எடத்துல வேற ஆளு இருக்கும்."

அணுபுரத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் மனைவிக்கும் சந்தேகம்தான். "அஞ்சு நிமிஷம் பேசாம ஒரு எடத்துல உக்காந்து உங்கள நான் பார்த்ததே இல்ல. நாலு மணி நேரம் ஒரு மிஷின் பக்கத்துல எப்படி உக்காருவீங்க?"

"மிஷின்கிட்ட பேசுவேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலை இரண்டாவது மாடிக்குப் போனேன். வரிசையாக ஆறு கட்டில். ஒவ்வொன்றிலும் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அதில் நாலு பேர் மணிக்கட்டைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை மூடி எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் போன் இல்லை. வெறும் கை.

"இன்னா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல போன் வந்துட்ச்சா?" என்றேன். கீழே இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவராவது சிரிப்பார். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பிரிவின் பொறுப்பு சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிரதர், மூணாவது பெட்டுக்கு பி.பி. மட்டும் பாருங்க. வேற எதையும் தொட வேணாம்."

மூன்றாவது கட்டிலில் கடப்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மீனவர். ஐம்பது வயதிருக்கும். முழுக்கைச் சட்டையோடு அசதியில் கண்ணயர்ந்திருந்தார். இடது கை என் பக்கம் நீண்டிருந்தது. சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, புஸ் புஸ்ஸென்று காற்றை ஏற்றினேன். எனக்கே பெருமையாக இருந்தது. மொத்தம் பத்து விநாடி.

மீனவர் திடுக்கிட்டு எழுந்தார். "யோவ்! என் கை! என் கைய்யா!"

"உங்க கைதான் அண்ணே. என் கைன்னு யாரு சொன்னா?"

வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளில் இதைவிட மோசமான ஒன்று கிடையாது. ஆறு கட்டிலும் ஒரே நேரத்தில் கத்தியது. "எடது கைல கட்டிட்டாரும்மா! அவுறு! அவுறு!" பக்கத்துக் கட்டில் அம்மா தன் தண்ணீர் பாட்டிலை என் மேல் எறிந்தார். குறி தப்பவில்லை. சிஸ்டர் ஓடிவந்து பட்டையைப் பிய்த்தெறிந்து, சட்டைக் கையைச் சுருட்டினார்.

உள்ளே கயிறு மாதிரி தடித்த நரம்பு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளைந்து ஓடியது.

அது என்னவென்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். படிக்கிற காலத்தில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைப்பார்கள். இரண்டு மாதத்தில் சிரை தடிக்கும். வாரத்துக்கு இரண்டு தரம் டயாலிசிஸ் ஊசிகள் இறங்குவது அதில்தான். ரத்தம் வேகமாக ஓடுவதால் அது எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, வேறு ஊசி போடக் கூடாது, வாட்ச்கூடக் கட்டக் கூடாது. அழுத்தினால் ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். இரைச்சல் நின்றால் கை செத்துப்போயிற்று, இனி அதில் டயாலிசிஸ் செய்ய முடியாது என்று அர்த்தம். தினமும் காலையில் அந்த இரைச்சல் இருக்கிறதா என்றுதான் அந்த நாலு பேரும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் என் தலைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை.

சிஸ்டர் விரல்களை வைத்துப் பார்த்தார். "அதிர்வு லேசாத்தான் கீது" என்றார். டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அன்றைக்கு மீனவருக்கு பி.பி. ஏற்கெனவே குறைவு, ரத்தம் சீக்கிரம் உறையும், அதனால்தான் பயம் என்றார். மீனவர் கையைக் காதோடு அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். அரை மணி நேரம் போயிருக்கும்.

"இரு இரு… வந்துகினு கீது" என்றார். பிறகு என்னிடம், "அண்ணாத்த, நீ அப்பால போய் நில்லு."

அப்பால் போய் நின்றேன். அப்பால் என்பது தண்ணீர் பாட்டில் எறிந்த அம்மாவின் கட்டில். கேளம்பாக்கம் அடுக்குமாடிகளில் வீட்டுவேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கு மட்டும் கழுத்தில் குழாய் சொருகியிருந்தது. பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பேசினார்.

"எனுக்கு இப்டித்தான் போச்சு. போன ஆடில மயக்கம் போட்டு வுழுந்தேன். அவசரத்துக்குத் தூக்கினு வந்தாங்க. கண்ண முழிச்சா ஊசி, பட்டை எல்லாம் இந்தக் கைல. ரெண்டே நாளு. கை ஊமையாப் பூட்ச்சு. அதான் இப்ப கழுத்துல."

"எந்த ஆஸ்பத்திரிக்கா?"

"எதுவா? இதே ஆஸ்பத்திரிதான். கீழ."

போன ஆடி முழுவதும் கீழே பகல் டூட்டி நான். அவர் முகத்தைப் பார்த்தேன். ஞாபகமில்லை. அவரும் என்னைப் பார்த்தார். அவருக்கும் ஞாபகமில்லை. மயக்கத்தில் இருந்தவருக்கு எப்படி இருக்கும்?

சாயங்காலம் வீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கதான்னு தெரியுமா?"

"தெரியாது. நானா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"ரிஜிஸ்டர் இருக்கும்ல?"

இருந்தது. செவ்வாய்க்கிழமை பழைய அவசரப் பிரிவு ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்தேன். ஆடி மாதம், கேளம்பாக்கம், பெண், நாற்பத்தைந்து வயது, மயக்கம். பக்கத்திலேயே பி.பி. எண்பது, ஊசி ஏற்றிய நேரம், கையெழுத்து. கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து. உலகத்தில் அப்படி எழுதுகிறவன் ஒருவன்தான். எந்தக் கையில் என்று மட்டும் எழுதியிருக்கவில்லை. அதற்கு அந்த ரிஜிஸ்டரில் கட்டமே இல்லை.

அவர் உயிர் அன்றைக்குப் பிழைத்தது. அதுவும் நான் செய்த வேலைதான். ஆனால் அந்த நினைப்பு எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் உதவவில்லை. புதன்கிழமை கீழே வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு சட்டைக் கையையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "இன்னா மச்சான், பச்சை குத்திகீறாங்களான்னு செக் பண்றியா?" என்றான் கூட வேலை பார்க்கிறவன். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. அவனும் என்னைப் போலவே தான் ஊசி ஏற்றிய கைகளைப் பின்னோக்கி எண்ண ஆரம்பித்துவிட்டான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வியாழக்கிழமை மாடிக்குப் போனதும் நேராக அந்த அம்மாவின் நாலாவது கட்டிலுக்குப் போனேன். வழியில் யோசித்து வைத்திருந்த அழகான வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை.

"அக்கா, போன ஆடில கீழ உங்களப் பார்த்தது நான்தான். ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து கீது."

அவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார். சிஸ்டர் மிஷின் குழாய்களை மாட்டிக்கொண்டே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். பாட்டில் இந்தத் தடவையும் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். பறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரோன்னு நெனச்சி ஒரு வருசமா திட்டினு இருந்தேன்" என்றார் கடைசியில். "இனிமே மூஞ்சி தெரிஞ்சி திட்டலாம்."

"திட்டுங்கக்கா."

"திட்றேன், மொதல்ல பி.பி. பாரு. எந்தக் கைல பாப்ப?"

யோசித்தேன். வலது கையில் அடுத்த மாதம் புது ஆபரேஷன் என்று அவர் சீட்டில் இருந்தது. அதைத் தொடக் கூடாது. "இடது" என்றேன்.

"ஆங். செத்த கைல பாரு."

பட்டை சுற்றுவதற்கு முன்னால் அந்த நரம்பின் மேல் இரண்டு விரலை வைத்தேன். கெட்டியாக, குளிர்ந்து, சும்மா கிடந்தது. மூன்றாவது கட்டிலில் மீனவர் தன் கையைக் காதில் வைத்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ?"

"நூத்தி நாப்பது, தொண்ணூறு."

"உன்னப் பாத்த கோவத்துல ஏறிகீது. எழுது." பிறகு வலது கையைத் தூக்கி, இன்னும் ஒன்றும் இல்லாத மணிக்கட்டை எனக்குக் காட்டினார். "ஆறு மாசம் டிரெய்னிங்காமே? சிஸ்டரு சொல்ச்சு. அதுக்குள்ள இந்தக் கை ரெடியாய்டும். மொத ஊசி உனுக்குத் தரமாட்டேன். அத சிஸ்டருதான் போடும்."

"சரிக்கா."

"ரெண்டாவது பாக்கலாம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சூப்பரின்டெண்டிடம் மாறுதல் பாரத்தைக் கொடுத்துவிட்டேன்.