சூசைராஜ் அண்ணனின் ஃபான்ட்

சூசைராஜ் அண்ணன் இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, மானகிரி வீட்டில், தூக்கத்திலேயே...

காரைக்குடியில் தொண்ணூறுகளில் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் அடித்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில், டிடிபி சென்டரில் வேலை. அவர் ஒரு கம்ப்யூட்டர், நான் அடுத்த கம்ப்யூட்டர். பதினோரு வருஷம் அப்படி ஓடியது.

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. என் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கென்று கம்ப்யூட்டர் வாங்கிய முதல் ஆள் அவர்தான். கூடவே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும்.

அண்ணன் கிராஃப் பேப்பரில் புள்ளி புள்ளியாக க, ங, ச வரைந்து, ஒவ்வொரு எழுத்தாக அதற்குள் ஏற்றினார். "ழு"வின் வால் மட்டும் கடைசிவரை அடங்கவே இல்லை. "வாலு இல்லாட்டி என்ன செல்வி, ஆளுக வாசிச்சிருவாக" என்பார். வாசிக்கவும் செய்தார்கள்.

பிறகு விண்டோஸ் வந்ததும் அதையே ஃபான்ட்டாக மாற்றினார். கடை முழுக்க அதில்தான் அடித்தோம்.

அப்போது தமிழுக்குப் பொதுவான முறை என்று எதுவும் கிடையாது. கடைக்குக் கடை ஒரு ஃபான்ட். எங்கள் ஃபைலை இன்னொரு கடையில் திறந்தால் குறியும் கோடுமாகக் குப்பைதான் வரும். அதனால் வெளியூர் பிரஸ்ஸுக்குப் போகும்போது இரண்டு ஃபிளாப்பி. ஒன்றில் மேட்டர், ஒன்றில் ஃபான்ட்.

ஒரு தடவை நான் ஃபான்ட் ஃபிளாப்பியை மறந்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டேன். சர்ச் திருவிழா ஜெபப் புத்தகம்.

பிரஸ்காரர் தன்னிடமிருந்த ஏதோ ஒரு ஃபான்ட்டைப் போட்டார். முக்கால்வாசி எழுத்து சரியாகத்தான் வந்தது. நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். புத்தகம் அச்சாகி வந்த பிறகு பார்த்தால் எந்தப் பக்கத்திலும் ஒரு "ண" கூட இல்லை. அது இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கட்டம்.

ஃபாதர் கோபமாக மாடியேறி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "என் தப்பு ஃபாதர். ஃபான்ட்ட குடுத்துவிட மறந்துட்டேன்."

இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை புத்தகத்திலும் பேனாவால் "ண" போட்டோம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அப்படிப்பட்ட மனுஷனைத்தான் நான்...

சொல்லிவிடுகிறேன். நான் தனியாகக் கடை போட்டபோது அண்ணனையும் கூப்பிட்டுக்கொண்டேன். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக யூனிகோட் வந்தது. ஊரே மாறியது. அண்ணன் மட்டும் மாறவில்லை. ஒரு நாள் அவர் மெயிலில் அனுப்பிய மேட்டர் கஸ்டமருக்குக் குப்பையாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கஸ்டமர் கடைக்கே வந்து கத்தினார்.

எனக்கு மானம் போனது. கடை நிறைய ஆள் இருக்கும்போதே சொன்னேன். "இன்னும் எத்தன நாளைக்கு இந்தக் குப்பையக் கட்டிக்கிட்டு அழுவீக? தூக்கிப் போடுங்கண்ணே."

அண்ணன் ஃபைலை சேவ் பண்ணினார். கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் பண்ணி, கவர் போட்டு மூடிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மறுநாள் வரவில்லை.

நானும் போகவில்லை. இந்தா இருக்கிறது மானகிரி. எட்டு வருஷமாகப் போகவில்லை. வீம்பு என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். வெட்கம் என்பதுதான் உண்மை.

இன்று காலை அவர் மகள் ரீத்தா போன் பண்ணியது.

"அத்தை, அப்பா அவுக அடக்க நோட்டீச அவுகளே அடிச்சு எனக்கு மெயில்ல போட்டு வச்சிருக்காக. திறந்தா என்னென்னமோ குறியா வருது. புரியலைன்னா செல்வி அத்தைட்ட குடுன்னு சொல்லியிருந்தாக. அனுப்பவா?"

வந்தது. பார்த்தவர்களுக்குக் குப்பை. எனக்கு ஃபான்ட் தேவைப்படவில்லை. பதினோரு வருஷம் பழகிய கண் அப்படியே வாசித்தது. அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், அண்ணி பெயர், எந்தக் கல்லறைத் தோட்டம் என்பது வரைக்கும்.

பழைய ஃபைலாக இருக்கும் என்று நினைத்து, எப்போது அடித்தார் என்று ரீத்தாவையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"போன மாசந்தான் அத்தை. ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரம்."

"அப்பாவுக்கு ஃபோன்ல தமிழ் அடிக்க வராதா?"

"நல்லா வருமே. குடும்ப குரூப்ல தெனமும் பைபிள் வசனம் டைப் பண்ணிப் போடுறது அவுகதான். அதெல்லாம் எல்லாரும் வாசிக்கிற மாதிரி ஒழுங்காத்தான் வரும்."

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

நோட்டீஸை எழுத்து எழுத்தாகப் பார்த்துப் புதிதாக அடித்தேன். இறந்த நாளும் அடக்க நேரமும் வர வேண்டிய இடத்தை மட்டும் அளவாகக் காலி விட்டிருந்தார். அந்த இரண்டு வரிக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நாளைக் காலை பத்து மணிக்கு அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

நோட்டீஸை நானே கொண்டுவருகிறேன் அண்ணே... மன்னிச்சிருங்க.