எங்கள் இன்ஜினுக்குப் போர் போட்ட கதை

எங்கள் கிணற்றுக்குக் கரண்டு சர்வீஸ் இன்னும் வரவில்லை. அதனால் இன்றைக்கும் பழைய ஆயில் இன்ஜின்தான் தண்ணீர் இறைக்கிறது. இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்குச் சக்கரம், தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி, கையால் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடி. அதில் ஒட்டியிருக்கும் பித்தளைத் தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் எந்த ஊர்ச் சரக்கு என்றே தெரியாது. நைனா, அதாவது என் அப்பா, ஒரு காலத்தில் கூலிக்குப் போன வீட்டில் இது ஓடியது. அவர்கள் மோட்டாருக்கு மாறியபோது இரும்பு விலைக்கு வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சொந்தமாக நிலம் வாங்கிய பிறகு அவர் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வரிசையாக வரும் பிஸ்டன்களை அளந்து, சரி, சரியில்லை என்று பிரித்து வைப்பேன். ஓடுகிற இன்ஜினுக்குள் கையை விட்டதில்லை. வீட்டில் இதை யாரும் கேட்டதில்லை. பையன் இன்ஜினுக்குப் படித்தவன், அவ்வளவுதான் அவர்களுக்கு.

ஆகவே போன மாசியில் இன்ஜின் படுத்தபோது அம்மா நேராக எனக்குத்தான் போன் செய்தார்.

"வெள்ளப் பொகையா கக்குது. சுத்திச் சுத்தி நைனாவுக்குத் தோளு கயண்டுபோச்சு. மல்லாட்டை இப்பதான் பூ கொட்டி மண்ணுல எறங்குது. இப்பத் தண்ணி இல்லன்னா ஒண்ணும் தேறாது. வந்துட்டுப் போ."

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்வது வேர்க்கடலையை. பூ உதிர்ந்ததும் காம்பு ஊசி போல நீண்டு மண்ணுக்குள் இறங்கும். மண் இறுகிக் கிடந்தால் அது உள்ளே போகாது, காயும் பிடிக்காது. அந்த முறை மல்லாட்டை முழுவதும் அம்மாவுடைய பொறுப்பு. விதை வாங்கியது, ஆள் வைத்தது, களை எடுத்தது எல்லாம் அவர்தான். லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

செஞ்சியில் இறங்கி நண்பனையும் கூட்டிக்கொண்டேன். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். திருவண்ணாமலை ரோட்டில் சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். தன்னைப் பற்றி அவனுக்கு மிக நல்ல அபிப்பிராயம் உண்டு.

கொட்டகைக்குள் நுழைந்ததும் இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வந்தான். "மச்சான், இது இஞ்சின் இல்லடா, கோவில் தேரு. சொல்லு இன்ஜினியரே, இன்னா வியாதி?"

"மொதல்ல பாக்கலாம்" என்றேன்.

அவன் கைப்பிடியை மெதுவாகச் சுற்ற, நான் சைலன்சர் குழாயில் காதை வைத்தேன். உள்ளே காற்று அழுந்த வேண்டிய நேரத்தில் குழாய் வழியாக 'ஸ்ஸ்' என்று கசிந்தது. வால்வு சரியாக உட்காரவில்லை. எனக்குச் சந்தோஷம். வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது ஒரு நாள் வேலை. மறுநாளே தண்ணீர் பாய்ச்சலாம்.

"அவசரப்படாத" என்று அவன் டீசல் பீச்சுகிற நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, மாட்டிவிட்டு மறுபடி சுற்றினான். இப்போது கைப்பிடி முன்பைவிடக் கொஞ்சம் இறுகியது. முழுவதும் இறுகவில்லை. பிஸ்டனைச் சுற்றியிருந்த இடுக்கை ஆயில் போய் அடைத்ததால்தான் அந்த இறுக்கம். அப்படியென்றால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும்கூடத் தேய்ந்திருக்கின்றன.

"ரெண்டும் போச்சு" என்றான் அவன். "முழுசா எறக்கி ஃபுல் வேலை பாத்துடு. சிலிண்டர கடைஞ்சு, பெரிய பிஸ்டன் போடணும்."

"எவ்ளோ நாளாவும்?"

"பிஸ்டன் கெடச்சா பத்து நாளு. கெடைக்கலன்னா சாமி விட்ட வழி."

"பத்து நாள்ல மல்லாட்டை சுருண்டுடும்டா. வால்வு மட்டும் பண்ணு. மல்லாட்டை புடுங்குனதும் மத்ததப் பாத்துக்கலாம்."

"பண்ணலாம். காய் பிடிக்கிற நேரத்துல நட்டநடுவுல நின்னுச்சுன்னா என்னிய திட்டாத. மேல கூரையப் போட்டுட்டு செவுரு விழுதேன்னா யாரு இன்னா பண்றது?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் இருந்தது. நைனா கொட்டகை வாசலில் நின்று, "அதோட வயித்த ஏண்டா கீறணும்ன்றீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வரப்பில் உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணைத் தொடாமல் தொங்கிய ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வாயால் சொல்வதைவிட மோசமாக இருந்தது.

முடிவு எடுக்குமுன் லேத்துப் பட்டறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருவரும் செஞ்சிக்குப் போனோம். பட்டறைக்காரர் சொன்னதும் அதேதான்: இவ்வளவு வயசான இன்ஜினுக்கு வெறும் வால்வு வேலை தாங்காது. பிஸ்டன் விழுப்புரத்தில் ஒரு பழைய கடையில் இருக்கலாம், போய்ப் பாருங்கள் என்றார். லேத்து ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வால்வு வேலையோட முடியாது போலருக்குது. போர் போட்டாத்தான் சரிப்படும்ன்றாங்க."

"போரா? எவ்ளோ போவும்டா?"

சிலிண்டரைக் கடைவதற்குப் பட்டறையில் போர் போடுவது என்றுதான் பெயர். எவ்வளவு கடைவது என்பதைப் பாயிண்டில் சொல்வார்கள். பட்டறைக்காரர் அப்போதுதான் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். அதையே நானும் சொன்னேன்.

"நாப்பது போவும்மா."

"நாப்பதுலயேவா? நல்லதாப் போச்சு. நான் நைனாகிட்ட சொல்றேன்."

அம்மா இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நண்பன் எதிரே தெரிந்த ராஜகிரிக் கோட்டையைக் காட்டி, "இந்த ஊர்ல போருக்குன்னா எல்லாரும் ஒடனே ரெடியாயிடுவாங்க மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டே விழுப்புரம் பஸ் ஏறினோம். பிஸ்டன் கிடைத்தது. அன்று அவன் வீட்டிலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை பிஸ்டனை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஊருக்குக் கிளம்பினேன்.

நிலத்தில் ஒரே கூட்டம். நடுவில் அனந்தபுரத்திலிருந்து வந்த நீரோட்டம் பார்க்கிறவர், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மெல்ல அடியெடுத்து வைத்து நடந்தார். நைனா அவருக்குப் பின்னால் பயபக்தியோடு நடந்தார். அம்மா ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு நின்றார். பக்கத்து நிலத்துக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வரப்பில் குத்துக்காலிட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

எங்கள் கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில், சரியாக மாமாவின் வரப்பு ஓரத்தில், தேங்காய் எழுந்து நின்றது. நைனா கைகூப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டார். அம்மா மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்.

மாமா எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாப்பா, படிச்சுட்டு வந்து என் வயித்துலதான் அடிக்கணுமா?"

"நான் இன்னா மாமா பண்ணேன்?"

"நாப்பதடியில போர் போடப்போறியாமே. என் கெணத்து ஊத்தே அங்கதான் இருக்குது. நீ அங்க கொழாய எறக்குனா நான் கெணத்துல கோலி ஆடவேண்டியதுதான்."

அப்போதுதான் எனக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் மாமா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மல்லாட்டைக்குத் தண்ணிதான வேணும்? என் மோட்டார்ல வுடுறேன். கரண்டு இருக்கிற நேரம் பாதி எனக்கு, பாதி அவங்களுக்கு. இஞ்சின் சரியாவுற வரைக்கும் எடுத்துக்கட்டும். போருன்ற பேச்ச மட்டும் வுட்டுடுங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் அப்படியே பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"மாமா, போரு தண்ணிக்கு இல்ல. இஞ்சினுக்கு. சிலிண்டர கடையறதத்தான் பட்டறையில போர்னுவாங்க."

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

"அப்ப நாப்பதடி?" என்றார் அம்மா.

"அடி இல்லம்மா, பாயிண்டு. தீக்குச்சி கனத்துல பாதிதான்."

முதலில் சிரித்தவர் நீரோட்டம் பார்க்கிறவர். அவர் தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இஞ்சினுக்கு நான் பாக்கறதில்லப்பா, அதுக்கு வேற ஆளு" என்றதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது. நைனா மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு, "ஆனா தேங்கா நின்னுச்சே" என்றார்.

மாமா சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம், "நீங்க தண்ணி தரணும்னு இல்ல மாமா. வால்வ மட்டும் சரிபண்ணி இப்போதைக்கு ஓட்டிக்கிறோம்" என்றேன்.

"அது இன்னா வேல?"

"ஒரு நாள்ல முடிஞ்சுடும். ஆனா நடுவுல நின்னாலும் நிக்கும்."

"நின்னா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கண் கல்லுக்கும் நைனாவுக்கும் போய்த் திரும்பியது.

"வாணாம்" என்றார் அவசரமாக. "நின்னா உங்க நைனா அன்னிக்கே போர் வண்டியக் கூட்டாந்துடுவான். எத்தினி நாளானாலும் ஆவட்டும், முழுசாப் பண்ணு. அரகொறயா எதயும் பண்ணாத. தண்ணி நான் வுட்டேன்னா வுட்டேன்."

வால்வா, ஃபுல்லா என்று நானும் நண்பனும் அடித்துக்கொண்டதற்கு இன்ஜினைத் தொட்டே பார்க்காத ஒருவர் இப்படி முடிவு சொன்னார். அன்று மாலையே மாமாவின் மோட்டாரிலிருந்து எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அம்மா மண்வெட்டியோடு மடை மடையாகத் திருப்பிவிட்டார். தேங்காயை நீரோட்டக்காரர் அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் இட்லிக்கு அது சட்னியானது.

இன்ஜினை இறக்கிப் பார்த்தபோது வால்வு ஒரு ஓரம் கருகிப் போயிருந்தது. சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டினால் தடுக்குகிற அளவுக்கு ஒரு படி விழுந்திருந்தது. "ஜெயிச்சது யாரு?" என்றான் நண்பன். "ரெண்டு பேரும்" என்றேன். "அப்ப டீ உன் செலவு" என்றான். புதுப் பிஸ்டனை நானே அளந்தேன். சிலிண்டருக்குள் அதை இறக்கியதும் நான்தான். எத்தனையோ பிஸ்டன்களை அளந்திருக்கிறேன், ஒன்றை அது போகவேண்டிய இடத்துக்கு அனுப்பி வைத்தது அதுதான் முதல் தடவை.

கிளப்புகிற அன்று மாமாவும் வந்து நின்றார். நைனா சுற்ற, நண்பன் வால்வைத் தூக்கிப் பிடித்திருந்த பிடியை விட, இன்ஜின் ஒரு முறை இருமி, கருப்பாக ஒரு மூச்சு விட்டு, அப்புறம் டுப்பு டுப்பு என்று பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வந்து விழுந்தது. அம்மா அதில் கையைக் கழுவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் போகம் மல்லாட்டை நன்றாகவே பிடித்தது. மாமா வீட்டுக்கு ஒரு மூட்டை போனது.

நைனா அந்தக் கல்லை இன்னும் பிடுங்கவில்லை. கேட்டால், "கெடக்கட்டும், சோறா கேக்குது" என்கிறார்.

அதனால் எங்கள் இன்ஜினைப் பற்றி இன்றைக்கு எங்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவர் மாமாதான். ஆயில் மாற்றியாச்சா என்று கேட்கிறார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அவரே ஊற்றுகிறார். கம்பெனியில் நான் சாப்பாட்டு இடைவேளையில் இருக்கும்போது சில நாள் போன் வரும். எடுத்தால் பேச்சுக்குரல் இருக்காது. டுப்பு டுப்பு சத்தம் மட்டும் கேட்கும். போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருப்பார்.

"கேட்டியா? சத்தத்துல எதுனா மாத்தம் தெரியுதா?"

"இல்ல மாமா, நல்லாத்தான் ஓடுது."

"இன்னொரு வாட்டி கேளு. நல்லாக் கேட்டுச் சொல்லு."

சோற்றுக் கையோடு இன்னொரு தடவை கேட்டுவிட்டு, நல்லாத்தான் ஓடுது என்று சொல்வேன்.