பெரெபெத்துவா சுமந்த கோழி

கூடாரத்துப் பிரசங்கியார் "இரட்சிப்பு வேண்டியவர்கள் முன்னே வாருங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் பெரெபெத்துவா பாதி தூரம் வந்துவிடுவாள். பெஞ்சுகளுக்கு நடுவே அவள் வருவது சோள மூட்டை ஏற்றிய லாரி வருவதைப் போல இருக்கும். முன்னால் வந்ததும் இரண்டு கைகளையும் தூக்குவாள், ஒருமுறை கூவுவாள், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். உள்ளூர்த் தொண்டர்களுக்கு அவள் கனம் தெரியும். அவள் தலை தெரிந்தவுடனே தாங்கிப் பிடிக்கக் கூடுதலாக இரண்டு பேர் ஓடி வருவார்கள்.

மசாக்கா சாலையில் புகூலா சந்தைக்கு மழை ஓய்ந்ததும் ஒன்றன் பின் ஒன்றாக ஊழியக் கூடாரங்கள் வரும். எந்தச் சபை, என்ன உபதேசம் என்றெல்லாம் அவள் பார்ப்பதில்லை. எல்லாக் கூடாரத்திலும் இரட்சிக்கப்படுவாள்.

"போன வருஷமே இரட்சிக்கப்பட்டியே அக்கா?" என்று தக்காளிக்காரி கேட்டால், "போன வருஷம் குளிச்சோம்னு இந்த வருஷம் குளிக்காம இருக்கியாடி நீ?" என்பாள்.

தொழில் கபலகலா சுடுவது. குட்டி வாழைப்பழத்தையும் மரவள்ளி மாவையும் பிசைந்து, வட்டமாகத் தட்டி எண்ணெயில் போடுவது. விடிந்ததும் அடுப்பு மூட்டினால் பொழுது சாயும்வரை வாய் ஓயாது. பிறப்பில் கத்தோலிக்கச்சி. பாஸ்டர் ஜெத்ரோவின் தகரக்கூரைச் சபைக்கு வந்து வெகுகாலம் ஆகியும் பழைய ஜெபமாலையைத் தூக்கிப் போடவில்லை. மாவு டின்னுக்குள் கிடக்கிறது. "இருக்கட்டும், சாமியோட அம்மாவையும் கையில வெச்சுக்கறது நல்லதுதானே" என்பாள். கணவன் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனவன், கம்பாலாவில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவனைப் பற்றிக் கேட்டால் கோபப்படமாட்டாள். "எனக்காகக் கஷ்டப்பட்ட ஆம்பள ஒருத்தர்தான். அவரையும் ஆணி அடிச்சுட்டாங்க" என்று அடுப்பை ஊதுவாள்.

வேதபாட வகுப்பில் பாஸ்டர் ஜெத்ரோவுக்கு அவள்தான் சோதனை. மெலிந்த மனிதர், நல்லவர், எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். உலகத்தின் பாவத்தைச் சுமந்த ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு நாள் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது இவள் கையைத் தூக்கினாள்.

"அந்த ஆட்டுக்குட்டிகிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டாங்களா பாஸ்டர்?"

"அவர் மனமுவந்து தன்னையே கொடுத்தார் சகோதரி."

"மனமுவந்தா? அப்ப முந்தின நாள் ராத்திரி தோட்டத்துல வேர்த்து விறுவிறுத்து, இந்தப் பாத்திரத்தை எடுத்துடுங்கப்பான்னு அழுதாரே, அது என்னவாம்?"

வகுப்பு சிரித்தது. பாஸ்டர் வேதாகமத்தை மூடிவிட்டு ஜெபத்துக்குப் போனார். ஆனால் அவள் கேலிக்காகக் கேட்கவில்லை. சிலுவையில் தொங்கியவரைவிட, தோட்டத்தில் வேர்த்துக்கொண்டு நின்றவரைத்தான் அவளுக்குப் பிடிக்கும். அந்த ஆளோடு உட்கார்ந்து பேசலாம் என்று தோன்றும்.

இப்படிப்பட்டவளைத் தேடிக்கொண்டு ஒரு கோழி வந்தது.

கோழி நலோங்கோவினுடையது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊர் அவளை அந்தப் பட்டத்தால்தான் கூப்பிடும். சந்தையில் கோழி விற்பவள். அன்று மத்தியானம் அவள் கூண்டிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடியவன் யோவாசி. நாற்பது வயதுக் குடிகாரன், வேலை என்று எதையும் செய்தறியாதவன். பெரெபெத்துவாவைக் கண்டால் "ஏ இரட்சிப்பு, இன்னிக்கு எந்தக் கூடாரத்துல விழப்போறே?" என்று கத்துவதைத் தினசரிக் கடமையாக வைத்திருந்தான். அவளுக்கும் அவனைக் கண்ணில் காட்டக்கூடாது.

அவன் ஓடிவந்து அவள் கடைக்குப் பின்னால் குனிந்தான். கோழியை அவளுடைய வாழைப்பழக் கூடையில் திணித்துத் துணியைப் போட்டு மூடினான். நிமிர்வதற்குள் கூட்டம் பிடித்துவிட்டது. திருட்டு என்றால் புகூலாவில் போலீசுக்குச் சொல்லியனுப்பி யாரும் காத்திருப்பதில்லை. லாரி பட்டறையிலிருந்து யாரோ பழைய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பைக் டாக்சிக்காரன் ஒருவன் தன் வண்டியிலிருந்தே பெட்ரோலை ஒரு போத்தலில் இறக்க ஆரம்பித்தான்.

"நான் எடுக்கல, சத்தியமா நான் எடுக்கல!" என்று யோவாசி அலறினான். அப்போது கூடைக்குள்ளிருந்து கோழி கொக்கரித்தது.

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. "கோழி உன் கூடைக்குள்ள எப்படி வந்துச்சு?" என்றாள் நலோங்கோ.

ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அதுதான் உண்மையும்கூட. பெரெபெத்துவா யோவாசியைப் பார்த்தாள். அவன் கால்சட்டை நனைந்திருந்தது. டயரைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் பேருந்து நிலையத்தருகே எரிந்தவனின் வாசம் மூக்கில் ஏறியது. வசனம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான்தான் எடுத்தேன்."

"அப்ப இவன் எதுக்கு ஓடினான்?" என்றான் போத்தல்காரன்.

"இவன் மூஞ்சிக்கு, பின்னால நாலு பேர் வந்தாலே ஓடுவான். போடா, அந்த பெட்ரோலை வண்டியிலயே ஊத்து. சாயங்காலம் சவாரிக்கு என்ன பண்ணுவே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கூடாரம் கூடாரமாக விழுந்து இரட்சிக்கப்பட்டவள் கோழி திருடினாள் என்பது, ஒரு குடிகாரனை எரிப்பதைவிடப் பெரிய வேடிக்கை. நலோங்கோ செருப்பைக் கழற்றி அவள் இடது காதோடு சேர்த்து அறைந்தாள், திரும்பவும் அறைந்தாள். கோழியின் காலைக் கட்டி அவள் கழுத்தில் மாட்டினார்கள். சந்தையைச் சுற்றி, சாலையைக் கடந்து, சபையின் வாசல்வரை ஊர்வலம் போனது. போகிற வழியெல்லாம் கோழி, சாயங்காலக் கூடாரத்துக்காக அவள் உடுத்தியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கோமெசி அங்கியின் பட்டு மார்பில் எச்சமிட்டுக்கொண்டே வந்தது. முன்னால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போனவன் யோவாசி. "இரட்சிப்பு வருது, வழிவிடு!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவனும் அவனே.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஜெத்ரோ அவளை நிற்க வைத்தார். கோழித் திருட்டுக்காக அவள் சபைக்கு முன் மனந்திரும்பினாள். செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பது, செய்ததற்குக் கேட்பதைவிடச் சுலபமாக இருந்ததே என்று அவளுக்கே வியப்பு. அதன்பின் முன் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு மாற்றப்பட்டாள். அங்கிருந்து பிரசங்கம் கேட்டாள். "குற்றமில்லாதவர் குற்றவாளியின் இடத்தில் நின்றார். நாம் அறிந்துகொள்ளவில்லை, நாம் அவரை எண்ணாமற்போனோம்" என்று பாஸ்டர் கண்கலங்கிச் சொன்னபோது, கடைசி பெஞ்சிலிருந்து பெரிதாக ஒரு செருமல் கேட்டது. சளி என்று நினைத்துக்கொண்டார்கள்.

யோவாசி சில நாள் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு பிற்பகல் வந்து அடுப்புக்கு எதிரே குந்தினான்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னே?"

"உனக்காகன்னு நெனச்சுக்காதே. டயர் நாத்தம் பலகாரத்துல ஏறுனா எவன் வாங்குவான்?"

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"குடிக்கறதை விடு."

அவன் நேர்மையாக யோசித்தான். "அது ஆகாதுக்கா."

"அப்ப எந்திரிச்சுப் போய்த் தொலை."

அவன் போகவில்லை. அன்றிலிருந்து தினமும் வந்தான். குடித்துவிட்டு வந்தான், கருகியதைக் கேட்டு வாங்கித் தின்றான், அடுப்புச் சூட்டில் தூங்கினான். அவள் அவனைத் திட்டாத நாளில்லை. யாருமில்லாத நேரத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே முகத்தைத் தூக்கிப் பேசுவாள். "உமக்கு மூணாம் நாளே விடிஞ்சுடுச்சு சாமி. எனக்கு மூணு மாசமாச்சு, என்னைக் கண்டா இன்னும் கோழியைக் கூண்டுல அடைக்கறாளுங்க." கிண்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "உலகம் பூராவையும் மீட்டீரே, எப்படித் தாங்கறீர்? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதுவே குறட்டை விட்டுட்டுக் கிடக்கு."

செருப்படி பட்ட இடது காதில் இன்னும் வண்டு இரைகிறது. வாங்க வருபவர்களுக்கு வலது காதைத் திருப்பிக் காட்டுகிறாள்.

போன வாரம் நலோங்கோ முதல்முறையாகக் கடைக்கு வந்தாள். மன்னித்துவிட்டாளோ, பசியோ தெரியாது. கைப்பையை மட்டும் அக்குளில் இறுக்கி வைத்திருந்தாள். எதிரே மாமரத்தடியில் பைக் டாக்சிக்காரர்கள் வண்டிமேல் சாய்ந்து சவாரிக்குக் காத்திருந்தார்கள். பெரெபெத்துவா மரியாதைக்கு முழங்காலை மடக்கி வணங்கி, சட்டியிலிருந்து புதிதாக எடுத்து அடுக்கினாள்.

"கூடுதலா ரெண்டு வெச்சிருக்கேன், பிள்ளைங்களுக்கு."

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் சும்மா வேணாம்" என்றாள் நலோங்கோ.

யோவாசி விழித்துக்கொண்டான். எழுந்து நின்றான், தள்ளாடினான். அவன் கண்ணில் நீர் நிறைந்திருந்தது, சாராயமா வேறெதுவுமா என்று சொல்வதற்கில்லை.

"நலோங்கோ," என்றான் உரத்த குரலில். "அன்னிக்கு அந்தக் கோழியை அக்கா எடுக்கல. உள்ளபடியே அன்னிக்கு…"

மாமரத்தடியில், அன்று போத்தலில் பெட்ரோல் இறக்கியவனின் தலை நிமிர்ந்தது. பெரெபெத்துவா கொதிக்கும் எண்ணெயிலிருந்து ஒரு கபலகலாவை வெறும் விரலால் எடுத்து அவன் வாயில் அடைத்து, அவன் விழுங்கும்வரை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.