ஒரு சாண் சந்து

பெலார்மினோ கூரிகேயோவுக்குக் கோழி என்றாலே இளக்காரம். நாற்பது வருஷம் செம்மறி மேய்த்த மனிதர். கோடையில் மந்தையோடு அர்ஜென்டினா எல்லை மலைக்கு ஏறுவார், பனி விழுவதற்குள் ஒரு குட்டி குறையாமல் இறக்கிக் கொண்டுவந்து விடுவார். குதிரை மேல் உட்கார்ந்தபடியே தூங்கத் தெரியும். மேகத்தைப் பார்த்து நாளைய காற்றைச் சொல்லத் தெரியும். லொங்கிமாய்ப் பக்கத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அப்பேர்ப்பட்டவர் அறுபத்து மூன்று வயதில் பதினொரு பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் காவல் நிற்க வேண்டியதாயிற்று.

கோழிகள் அவர் மனைவி எதெல்மிராவுடையவை. வால் கிடையாது, காதோரம் மீசை மாதிரி இறகு குத்திட்டு நிற்கும், முட்டை நீலம். ஒவ்வொன்றுக்கும் அவள் பேர் வைத்திருந்தாள். சேவல் கேப்டன். கறுப்புப் பெட்டை விதவை. எந்நேரமும் மற்றவற்றைக் கொத்தித் திருத்துவது டீச்சர். மூன்று வருஷமாகத் தின்றுகொண்டு மட்டும் இருக்கிற ஒரு கிழட்டுப் பெட்டைக்கு அரசாங்கம் என்று பேர்.

மே மாதம் எதெல்மிராவின் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அதுவும் கீழே தெமுகோ நகரத்தில்தான். மகள் யாஸ்னா அங்கே இருக்கிறாள், வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். எதெல்மிரா நகரவே இல்லை. "நான் போயிட்டா கோழிய யாரு பாப்பா?" என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, மகள் அழுதும் கேட்கவில்லை.

"நான் பாத்துக்கறேன்டி" என்றார் பெலார்மினோ.

"நீயா? கோழிய ஆடுன்னு நெனச்சு விசிலடிப்ப."

"செப்டம்பர்ல நீ திரும்பி வர்றப்ப பன்னெண்டும் வாசல்ல நிக்கும். சத்தியம்."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் வண்டி ஏறினாள். ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கிவிட்டு உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாள். வைக்கோல் ஈரமானால் அன்றைக்கே மாற்ற வேண்டும். காலையும் சாயங்காலமும் வெந்நீர். கொண்டையில் பன்றிக் கொழுப்பு தடவ வேண்டும். வலைப்பந்தல் மேல் பனி தேங்கினால் தட்டிவிட வேண்டும். கடைசியாக ஒன்று.

"கூரைக்குக் கீழ ஒரு சாணுக்குச் சந்து விட்டிருக்கேன் பாரு, அத மட்டும் அடைச்சிராத. உன் வாய வேணா அடை, அத அடைக்காத. கோழி மூச்சு விட்டாகணும்யா."

சரி சரி என்று தலையாட்டினார். பனிக்காலத்தில் சுவரில் ஓட்டை வைத்துக்கொண்டு எவனாவது படுப்பானா என்று மனதுக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே அவரைப் போட்டு உலுக்கலாம் போலிருக்கிறது.

அந்த மலையில் ஜூன்தான் குளிர்காலத் தொடக்கம், பனி இடுப்பளவு விழுந்தது. வீட்டிலிருந்து கூட்டுக்கு முப்பதடி. தினமும் காலையில் பாதை வெட்டினார், மத்தியானத்துக்குள் அது மூடிக்கொண்டது, மறுபடி வெட்டினார். காற்று வரும் பக்கம் நைலான் விரிப்பு கட்டி அதன் மேல் ஆட்டுத்தோலை ஆணியடித்தார். வலைப்பந்தல் ஒரு நாள் பனிப்பாரம் தாங்காமல் தரையோடு படுத்துவிட்டது. மரக்கம்பு வெட்டி முட்டுக் கொடுத்து, நாலு நாளில் திரும்ப நிமிர்த்தினார். கூழ் காய்ச்சிக் கொடுத்தார். கொண்டைக்குக் கொழுப்பு தடவுகையில் கேப்டன் அவர் புறங்கையைப் பதம் பார்த்தது.

பக்கத்து நிலத்து ரெமிஹியோ வேலிக்கு அந்தப்புறம் நின்று வேடிக்கை பார்ப்பான். "என்னண்ணே, கோழிக்குப் பவுடர் பூசுறீங்களா? மந்தைய மேய்ச்ச கை!"

"போடா. ஆடு நான் சொன்னா கேக்கும். இதுங்க எதெல்மிரா மாதிரி, எதையும் கேக்காது."

போன் சிக்னல் வீட்டில் கிடையாது. மேட்டின் மேல் ஒற்றையாக நிற்கும் பெவேன் மரத்தடிக்குப் போனால்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பனியில் முக்கால் மணி நேரம் ஏறிப் பேசுவார். எதெல்மிரா முதலில் அவரை நலம் விசாரிக்க மாட்டாள்.

"விதவை எப்படி இருக்கா?"

"இருக்கா."

"டீச்சர்?"

"எனக்கே பாடம் எடுக்கறா."

அங்கே அவள் சிரிப்பது கேட்கும். பிறகு யாஸ்னா போனை வாங்கித் தணிந்த குரலில், "அப்பா, கோழிப் பேச்சு பேசின அன்னைக்குத்தான் அம்மா ரெண்டு வாய் சாப்பிடுது" என்பாள்.

ஜூலை நடுவில் காற்று திசை மாறியது. எப்போதும் மேற்கிலிருந்து வருவது, அந்த வாரம் கிழக்கே அர்ஜென்டினாப் பக்கமிருந்து கிளம்பிவந்தது. வெள்ளைக்காற்று. முன்னால் நீட்டிய கை தெரியாது. மேற்குக்காற்றுக்கு முதுகு காட்டும்படி எதெல்மிரா வைத்த சந்து இப்போது கிழக்குக்காற்றுக்கு நேர் முகமாகிவிட்டது. அதன் வழியே பனித்தூள் உள்ளே கொட்டியது. வைத்த வெந்நீர் பத்து நிமிஷத்தில் உறைந்தது. மூன்றாம் நாள் டீச்சரின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. கழியின் மேல் கோழிகள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தன. கேப்டன் அன்று கூவவில்லை.

பெலார்மினோ பயந்துவிட்டார். மலையில் எத்தனையோ காற்றைப் பார்த்த மனிதர், தனக்காக ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை. சாயங்காலம் இருட்டுவதற்கு முன் ஒரு மூட்டை கம்பளியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சந்தில் முழங்கையால் இடித்து இடித்து அடைத்தார். சுவரின் மற்ற இடுக்குகளிலும் திணித்தார். பிறகு கணப்புச் சட்டியை எடுத்தார்.

கணப்பு விஷயத்தில் அங்கே யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக் கரி புகையும், புகை கொல்லும். அதனால் சட்டியை வெளியே வைத்து, கரி முழுக்கச் சிவந்து சாம்பல் பூத்து, புகை அடியோடு நின்ற பிறகுதான் உள்ளே எடுப்பார்கள். வெந்த கணப்பு சாது என்பது அந்த மலையில் எல்லோருடைய நம்பிக்கை. புகை நின்ற கரியிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத விஷக்காற்று வரும். அவர்கள் வீடுகளிலெல்லாம் பலகைக்குப் பலகை காற்றோடும், அதனால்தான் அந்த நம்பிக்கை இத்தனை காலம் யாரையும் கொல்லாமல் பிழைத்திருக்கிறது. இதை யாரும் யோசித்ததில்லை, பெலார்மினோவும் யோசிக்கவில்லை. வெகு பொறுமையாகக் கொட்டகை மறைவில் நின்று, கரி ஒரு பொட்டுப் புகை இல்லாமல் சிவக்கும்வரை விசிறினார். சட்டியைச் சுற்றிக் கம்பிவலை வளைத்து, கூட்டின் நடுவில் வைத்து, கதவைச் சாத்தினார். உள்ளே கதகதப்பு பரவியது. கேப்டன் கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. "இப்ப தூங்குடா" என்றார். இரண்டு மாதத்தில் அன்றுதான் அவரும் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் காற்று நின்றிருந்தது. கதவைத் திறந்தபோது கூடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கழியின் கீழே வைக்கோலில் எல்லாம் கிடந்தன. ஒரு இறகு கலையவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கொண்டைகள் செக்கச்செவேலென்று, கோடையில் இருப்பதைவிட நல்ல நிறத்தில் இருந்தன. கேப்டனைக் கையில் எடுத்தார். உடம்பு சூடாகத்தான் இருந்தது, தலை தொங்கியது.

கதவோரம் ஏதோ கொக்கரித்தது. அரசாங்கம். டீச்சர் அதைக் கழியில் ஏறவிடாமல் கொத்தித் தள்ளுவது வழக்கம், அது எப்போதும் கதவுக்கடியில் உள்ள இடுக்கில் மூக்கை வைத்துத்தான் படுக்கும்.

பெலார்மினோ வைக்கோலில் உட்கார்ந்தார். ஓநாய் மாதிரி ஊளையிட்டு அழுதார் என்று ரெமிஹியோ பிறகு எல்லோரிடமும் சொன்னான். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த ஞாயிறு மேட்டில் நின்று, "எல்லாம் நல்லாருக்கு" என்றார். எதெல்மிராவின் குரல் மிகவும் இளைத்திருந்தது. "அடுத்த வாரம் கேப்டன போன்ச்சோவுக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வா. அவன் கூவுறத கேக்கணும் போல இருக்கு" என்றாள்.

பிறகு யாஸ்னா பேசினாள். "அப்பா, அம்மாகிட்ட இன்னும் சொல்லல. செப்டம்பர் இல்ல, எந்த மாசமும் இல்ல. இனிமே மலைக்குப் போகவே முடியாதுன்னுட்டாரு டாக்டர்."

மறு ஞாயிறு ரெமிஹியோவின் சேவலை இரவல் வாங்கி, போன்ச்சோக் கம்பளிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். ஒன்றுக்கும் உதவாத, நீண்ட வாலுள்ள சாதாரணச் சேவல். ரெமிஹியோ ஏன் என்று கேட்கவில்லை. மரத்தடியில் அதை வெளியே எடுத்து, "கூவு" என்றார். தடவிக் கொடுத்தார், கெஞ்சினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். அது குளிரில் கண்ணை மூடிக்கொண்டது.

"எங்கய்யா அவன்?" என்றாள் எதெல்மிரா.

"இந்தா, இரு. இப்பக் கூவுவான்."

போனைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அறுபத்து மூன்று வயது மனிதர், முட்டளவு பனியில் நின்று, தொண்டையைத் திறந்து கூவினார்.

பிறகு, "கேப்டனுக்குத் தொண்ட கட்டியிருக்கு போல" என்றாள்.

"ஆமா. குளிரு."

"சந்த அடைச்சியா?"

அவர் சேவலை மறுபடி போன்ச்சோவுக்குள் திணித்தார்.

"யோவ், உன்னத்தான் கேக்கறேன்."

"அடைச்சேன்டி."

"எத்தன மிச்சம்?"

"ஒண்ணு. அரசாங்கம்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அத ரெமிஹியோ வீட்டுல விட்டுடு" என்றாள். "ஒத்தக் கோழி குளிரத் தாங்காது. எனக்காக ஒண்ணும் வச்சிருக்க வேணாம்யா. இவங்க யாரும் சொல்லல, ஆனா எனக்குத் தெரியும்."

இறங்கும்போது வழியெல்லாம் இரவல் சேவல் போன்ச்சோவுக்குள் அசைந்துகொண்டே வந்தது. வீட்டுக்குப் போய்விட்டு, வேலியோரம் வந்து அதை ரெமிஹியோவிடம் நீட்டினார்.

"கூவிச்சாண்ணே?"

"கூவிச்சு" என்றார் பெலார்மினோ. போன்ச்சோவின் மறுபக்கத்திலிருந்து கிழட்டுப் பெட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார். "இதையும் நீயே வச்சுக்கடா."