நைனார்பாளையத்துக்கு டபுள்ஸ்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. கள்ளக்குறிச்சியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த தஸ்தகீர் பாய்க்குப் பொய் சொல்ல வராது. இதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான்கு நாட்களில், விட்டு விட்டு என்னிடம் சொல்லி முடித்தார். இது நடந்த அன்றைக்கு அவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார், அதனால் நேரமெல்லாம் துல்லியம். ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல். இதில் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

1987 செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் ஒரு வாரச் சாலை மறியல். ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ், லாரி, ஜீப் எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் காலை 9.15 மணிக்கு, நைனார்பாளையத்தில் மருமகன் சுபைரின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கும் வெங்கடேசன், சைக்கிளோடு தஸ்தகீரின் கடை வாசலில் வந்து விழுந்தான். கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது.

மகள் பைரோஸுக்கு விடிகாலையில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பிரசவம் பார்த்த அமிர்தம் நர்ஸிடம் ஊசிமருந்து தீர்ந்துவிட்டது. மருந்தின் பெயரை எழுதி, ‘ஐஸில் வைத்து, பகல் ஒரு மணிக்குள்’ என்று அடியில் கோடு போட்டிருந்தாள். பைரோஸ் தாயில்லாத பெண். நான்கு வயதிலிருந்து தஸ்தகீர்தான் தலைவாரி, சோறூட்டி வளர்த்தார். அவருக்கு உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

தஸ்தகீர் மருந்துக் கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று குப்பி வாங்கினார். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் அவற்றை வைத்து, ஹாண்டில்பாரில் இறுக்கிக் கட்டினார். கடையில் இருந்ததிலேயே நல்ல சைக்கிள். 10.05க்குக் கிளம்பினார். பெரிய ரோட்டில் போலீஸும் கூட்டமும் என்று கேள்விப்பட்டு, உள்ளூர்ப் பாதைகளில் திரும்பினார்.

சொல்லக் கூசுகிறது, முதல் அரை மணி நேரம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருஷமாக லாரிக்கு ஒதுங்கியே சைக்கிள் விட்ட மனிதர். இன்று ரோடு முழுக்க அவருக்கே. கரும்புக் கொல்லையில் காற்று அலையும் சத்தம்கூடக் கேட்டது. பாறைமேல் மூக்கு தேய்ந்த சமணர் சிலை, இடிந்த கல்மண்டபம், வாள் தூக்கிய வீரக்கல்... எத்தனையோ தடவை பஸ்ஸில் போயும் கண்ணில் படாதவை. முதுகுப் பக்கம் கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. மகள் சாகக் கிடக்கிறாள், உனக்கு வேடிக்கை கேட்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டு மிதித்தார்.

11.10. பாதைக்குக் குறுக்கே ஒரு புளியமரம். அன்று அவர் தாண்டிய நான்காவது மரம் அது, எல்லாவற்றிலும் பெரியது. பிளாஸ்க்கை அவிழ்த்துக் கையில் பிடித்து, சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தின்மேல் ஏறும்போது கால் வழுக்கியது. பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிவிட்டார். சைக்கிள் போய்க் கல்லில் மோதியது. இடது பெடல் கட்டையை அச்சோடு பிடித்திருக்கும் பின் உடைந்து, பெடல் தொளதொளவென்று சுற்றியது. ஊருக்கெல்லாம் பின் அடித்துக் கொடுப்பவர், தன் பையில் ஒன்றைப் போட்டுக்கொள்ள மறந்திருந்தார்.

அப்போதுதான் மரத்தைப் பார்த்தார். அடிமரம் முழுக்க ஆணிகள். துருவேறிய, தடித்த ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்துத் தலைமுடி சுற்றியிருந்தது.

அந்தப் பக்கத்தில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. பேய் பிடித்தவரின் உச்சிமுடியைப் பூசாரி பிடுங்கி, ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அடித்துவிடுவார். பிடித்தது அதோடு அங்கேயே நிற்கும். தஸ்தகீருக்கும் தெரியும். ஆனால் சைக்கிள் கடைக்காரரின் கண், ஆணியின் தடிமனைத்தான் முதலில் அளந்தது. சரியாகப் பொருந்தும்.

குறடை எடுத்து, தளர்ந்திருந்த ஒன்றைப் பிடித்தார். பின்னால் ஒரு குரல் கேட்டது. ஆடுகளுக்குப் புளியந்தழை ஒடித்துக்கொண்டிருந்த இருசம்மாள் என்கிற பெண்.

"அத்த எடுக்காதீங்க பாய்."

"எம் பொண்ணு அங்க ரத்தம் போய்க்கினு கெடக்கறா. எனக்கு வேற இன்னா வழி?"

"எங்க ஊரு ஆளுங்க இந்த மரத்துல கை வெக்க மாட்டாங்க. வெளியூருக்காரங்க தெரியாம வெட்டிட்டாங்க. அந்த ஆணியில இருக்கறவ, புள்ள பெக்க வண்டியில போய்க்கினு இருந்தவ. பாதி வழியில செத்துப் போனா. அப்புறம் மாசமா இருக்கற பொண்ணுங்களயே புடிச்சிக்கினு இருந்தா."

தஸ்தகீர் கடிகாரத்தைப் பார்த்தார். பிடுங்கினார்.

"மத்தவங்க ஆணி எதுனா எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "முடியையாவது மரத்துலயே சுத்திட்டுப் போங்க."

அதற்கு அவருக்கு நேரமில்லை. முடி விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வேட்டியில் துடைத்தார். பிஸ்மி சொல்லித்தான் ஆணியைக் கல்லால் அடித்து இறக்கினார். பிளாஸ்க்கை மறுபடி ஹாண்டில்பாரில் கட்டி, 11.25க்குக் கிளம்பினார். இருசம்மாள் தழையை அப்படியே போட்டுவிட்டு ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.

11.40. சைக்கிள் கனத்தது. பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கி அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. வயசாகிறது என்று சொல்லிக்கொண்டு ஏறினார்.

11.55. மணல் பாதை. திரும்பிப் பார்த்தார். முன் சக்கரத்தின் தடம் லேசாக இருந்தது. பின் சக்கரம் ஆழமாக உழுதுகொண்டு வந்திருந்தது. கடையில் முப்பது வருஷமாகப் பார்க்கிற தடம்தான். டபுள்ஸ் போனால்தான் அப்படி விழும்.

12.10. ஒரு கூட்டு ரோட்டில் மறியல்காரர்கள் ஆறேழு பேர். ராத்திரியெல்லாம் கண் விழித்த முகங்கள். அவர் வாயைத் திறக்குமுன் ஒருவர் எழுந்து, வெட்டிப்போட்ட கிளையை இழுத்து வழிவிட்டார்.

"போங்க பாய். ஆஸ்பத்திரி கேஸை நாங்க தடுக்க மாட்டோம். மெதுவா ஓட்டுங்க. மாசமா இருக்கற பொண்ண இந்த மேடுபள்ளத்துல கேரியர்ல வெச்சினு போறீங்களே..."

தஸ்தகீர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. வெயிலில் அவர்களுக்குக் கண் கட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார். அதை நம்பவும் செய்தார். நம்பாவிட்டால் மிதிக்க முடியாது.

12.25. அதுவரை ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஆணி கீச்... கீச்... என்று கத்திக்கொண்டு வந்தது. திடீரென்று நின்றுவிட்டது. பெடல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதே தாளத்தில் வேறு ஒரு சத்தம் கேட்டது. ம்... ம்... ம்... பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குகிற சத்தம்.

அவர் திரும்பவில்லை.

12.33. இடுப்புப் பக்கம் சட்டையை யாரோ பிடித்தார்கள். விழுந்துவிடாமல் இருக்கப் பிடிக்கிற பிடி.

முதுகில் ஈரம்.

பிளாஸ்க் முன்னால் இருந்தது. அது சொட்டவில்லை.

ஆபத்துக்கு ஓதும் குனூத் பிரார்த்தனையை ஓதினார். பாதியில் மறந்தது. மறுபடி ஆரம்பித்தார்... மறுபடி மறந்தது.

12.41.

"இன்னும் எவ்ளோ தூரம்?"

காதுக்குப் பின்னால். களைத்த பெண் குரல்.

பைரோஸைச் சின்ன வயதில் இதே கேரியரில் எத்தனை தூரம் கூட்டிப் போயிருப்பார். வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"வந்துட்டோம்மா."

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது.

12.48. சுபைர் வீட்டு வாசல். அவர் பிரேக் பிடிக்குமுன் கேரியர் ஸ்பிரிங் டொக் என்றது. சைக்கிள் லேசாகிவிட்டது.

வெளியே வந்த அமிர்தம் நர்ஸ் பிளாஸ்க்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஐஸ் அப்படியே இருந்தது. மருந்து கெடவில்லை.

1.05. கதவு திறந்தது.

"கண்ணத் தொறந்துட்டா" என்றாள் நர்ஸ். சுபைர் சிரித்துக்கொண்டே அழுதான். தஸ்தகீர் உள்ளே போனார்.

பைரோஸ் குழந்தையை மடியில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை ரத்தம் போன பெண் எப்படி உட்கார்ந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னாப்ல வந்துட்டோம்" என்றாள்.

நாற்பது நாள் கழித்து அமிர்தம் நர்ஸ் கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நின்றபடியே பேசினாள்.

"உங்ககிட்ட மறைச்சிட்டேங்க பாய். அன்னிக்கி நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிபோச்சி. நாடி நின்னு அரை மணி நேரத்துக்கு மேல ஆயிருந்துச்சி. சுபைர்கிட்ட சொல்ல வாய் வரல. நீங்க அவ்ளோ தூரம் மிதிச்சினு வந்து நின்னதும் எனக்கு மனசு கேக்கல. செத்த ஒடம்புலதான் ஊசி போட்டேன்."

அவள் போன பிறகும் தஸ்தகீர் வெகுநேரம் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

குழந்தைக்கு ஷிரின் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை அவள் நன்றாக வளர்த்தாள், குறை சொல்ல முடியாது. சுபைருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மூச்சுக்கு மூச்சு அத்தா, அத்தா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண், அதற்குப் பிறகு ஒருநாள்கூட தஸ்தகீரை அப்படிக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவர் குடிப்பார்.

ஏழு வருஷம் பொறுத்தார். ஒருநாள் நைனார்பாளையம் பள்ளிவாசலுக்குப் போய், உடல் இல்லாமல், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை வைக்க முடியுமா என்று இமாமிடம் கேட்டார். வைக்கலாம், அதற்கு வழி உண்டு என்றார் இமாம். யாருக்கு என்று பெயர் கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே, பள்ளிக்கூடம் விட்ட ஷிரினின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போய்க்கொண்டிருந்தாள். இமாமும் பார்த்து, "உங்க மக போவுது பாருங்க" என்றார்.

தஸ்தகீர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பைரோஸுக்கு இன்றுவரை தொழுகை நடக்கவில்லை.